வண்டி ஸ்டார்ட் ஆகலையா, இழுக்கலையா, புகை வருதா? பார்ட்ஸ் மாத்துறதுக்கு முன்னாடி எந்த ஸ்ட்ரோக்ல கோளாறுன்னு பாருங்க

வண்டி நின்னுருச்சுன்னா நம்ம ஆளுங்க மொதல்ல பிளக்க மாத்துவாங்க, அப்புறம் பேட்டரி, அப்புறம் யாரோ சொன்னாங்கன்னு கார்புரேட்டர் செட்டே புதுசு, இப்படி கை காசெல்லாம் போன பிறகு கடைசில பார்த்தா டேங்க் மூடில இருக்குற ஒரு சின்ன ஓட்டை அடைச்சிருக்கும். இத நான் எங்க மாமா ஒர்க்‌ஷாப்ல உக்காந்து பல வருஷம் பார்த்திருக்கேன், ஒவ்வொரு தடவையும் மனசு கஷ்டமா இருக்கும், ஏன்னா வண்டிய நம்பி பால் ஊத்துறவங்க, கூரியர் போடுறவங்க, ஸ்கூலுக்கு பிள்ளைய விடுறவங்க இவங்கதான் அந்த காச குடுக்குறாங்க. அதனால 100 சிசி, 125 சிசி கார்புரேட்டர் வண்டி வெச்சிருக்குறவங்களுக்காக இத எழுதுறேன்.

மாமா எந்த வண்டி வந்தாலும் ஸ்பேனர எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு கேள்விதான் கேப்பாரு. "இழுக்குதா, அமுக்குதா, வெடிக்குதா, தள்ளுதா? இதுல எதுடா மாப்ள நடக்கல?" அந்த நாலும்தான் நாலு ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலயோ கீழயோ போற ஒவ்வொரு நடையும் ஒரு ஸ்ட்ரோக். 1876ல ஜெர்மனில ஓட்டோன்னு ஒருத்தர் ஓட்டிக் காட்டின அதே வரிசைதான் இன்னைக்கு உங்க வீட்டு வாசல்ல நிக்கிற வண்டிலயும் ஓடுது.

கொஞ்சம் பொறுமையா இத மட்டும் படிச்சிருங்க, மிச்சம் எல்லாம் இதுலருந்துதான் வரும். பழைய 97.2 சிசி ஸ்ப்ளெண்டர எடுத்துக்குவோம். சிலிண்டர் அகலம் 50 மில்லிமீட்டர், பிஸ்டன் மேல இருந்து கீழ போற தூரம் 49.5 மில்லிமீட்டர், ரெண்டு இஞ்ச் கூட இல்ல. பிஸ்டன் கீழ இறங்கும்போது இன்லெட் வால்வு திறந்திருக்கும், கார்புரேட்டர் வழியா காத்து உள்ள பாயும், பாயுற வேகத்துல பெட்ரோலையும் ஜெட்ங்கிற சின்னத் துவாரத்துல இருந்து உறிஞ்சி தூளா எடுத்துட்டு போகும், இது இழுக்குறது. அப்புறம் ரெண்டு வால்வும் மூடிக்கும், பிஸ்டன் மேல ஏறி அந்த கலவைய சுமார் ஒன்பதுல ஒரு பங்கா அமுக்கும். பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடியே பிளக்ல ஸ்பார்க் விழும், ஏன்னா தீ பரவவும் நேரம் வேணும்ல, அந்த அழுத்தம் பிஸ்டன கீழ தள்றதுதான் நம்ம சக்கரத்துக்கு வர்ற பவர். கடைசில எக்ஸாஸ்ட் வால்வு திறந்து, பிஸ்டன் மேல ஏறி, எரிஞ்ச புகைய சைலன்சருக்கு தள்ளும். நாலு ஸ்ட்ரோக்குக்கு, பிஸ்டனோட சேர்ந்து சுத்துற கிராங்க் ரெண்டு சுத்து, வால்வ திறக்குற கேம் ஒரே சுத்து. 6000 ஆர்பிஎம்ல ஓடும்போது ஒரு ஸ்ட்ரோக்குக்கு கிடைக்கிற நேரம் ஒரு செகண்ட்ல 200ல ஒரு பங்குதான். அதுக்குள்ள வால்வு திறந்து மூடணும், எத்தனால் கலக்காத பெட்ரோல்னா ஒரு பங்குக்கு சுமார் 14.7 பங்கு காத்து எடை கணக்குல கலக்கணும், ஸ்பார்க் விழணும். இவ்ளோ நுணுக்கமான வேலைய நாம ஒரு கிக்ல ஆரம்பிச்சு வெக்கிறோம், எனக்கு இன்னும் இது ஆச்சரியம்தான்.

சரி, இனி உங்க வண்டி என்ன பண்ணுதோ அதுக்கு நேரா போங்க.

கிக் அடிச்சு கால் வலிக்குது, ஒரு சத்தமும் இல்ல

மொதல்ல கில் சுவிட்ச் பாருங்க, பெட்ரோல் டேப் ஆன்ல இருக்கா பாருங்க, ரிசர்வ்ல போட்டு பாருங்க. சின்னப் பசங்க வண்டி மேல ஏறி விளையாடி சுவிட்ச தட்டி விட்டிருப்பாங்க, அதுக்காக தள்ளிட்டே கடைக்கு வந்தவங்கள பார்த்திருக்கேன்.

அது சரின்னா பிளக் ஸ்பேனர் போட்டு பிளக்க கழட்டுங்க. இஞ்சின் ஆறின பிறகு கழட்டுங்க, பிளக் மாட்டியிருக்குற ஹெட் அலுமினியம், சூட்டுல முறுக்கினா மரை போயிரும். கழட்டின பிளக் நுனிய பாருங்க, மோந்து பாருங்க. காய்ஞ்சிருக்கா, ஈரமா இருக்கா? இந்த ஒரு கேள்விலயே பாதி வழி தெரிஞ்சிரும்.

காய்ஞ்சிருந்தா பெட்ரோல் உள்ள வரல, அதாவது முதல் ஸ்ட்ரோக் வெறும் காத்த மட்டும் இழுக்குது. கார்புரேட்டர் அடில ஒரு டிரெய்ன் ஸ்குரூ இருக்கும், அதுக்கு கீழ ஒரு கண்ணாடி பாட்டில வெச்சு லேசா லூஸ் பண்ணுங்க. பெட்ரோல் தாராளமா கொட்டினா கார்புரேட்டரோட அடி கப் வரைக்கும் வருது, ஜெட்லதான் அடைப்பு. சொட்டு சொட்டா வந்தா இல்ல வரவே இல்லன்னா டேப், ஃபில்டர், டியூப், டேங்க் மூடி, இந்த வரிசைல மேல போங்க. பிடிச்ச பாட்டில ரெண்டு நிமிஷம் அசையாம வெச்சு வெளிச்சத்துல பாருங்க, அடில முத்து முத்தா, இல்ல தனி அடுக்கா ஏதாவது உருளுதுன்னா அது தண்ணி. இப்போ பங்க்ல போடுற பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் இருக்கு, எத்தனால் ஈரத்த உறிஞ்சும், ஒரு அளவுக்கு மேல உறிஞ்சினா தண்ணியும் எத்தனாலும் சேர்ந்து பிரிஞ்சு அடில போய் உக்காந்துரும், ஜெட் இருக்குறதும் அந்த அடிலதான். மாசக்கணக்கா ஓட்டாம மழைல நிக்க வெச்ச வண்டின்னா டேங்க் பெட்ரோல் முழுசா வடிச்சு புதுசு ஊத்துறதுதான் நல்லது.

பிளக் ஈரமா இருந்தா பெட்ரோல் வருது, தீ பிடிக்கல. துடைச்சு, ஒயர் நுனில இருக்குற பிளக் கேப்ல மாட்டி, பிளக்கோட மரைப் பகுதிய ஹெட்ல ஒட்டி வெச்சு கிக் அடிச்சு பாருங்க. ஒரு விஷயம் ரொம்ப கவனம், பிளக் ஓட்டை பக்கத்துல வெக்காதீங்க, கிக் அடிக்கும்போது அந்த ஓட்டைல இருந்து பெட்ரோல் ஆவி வெளிய சீறும், ஸ்பார்க் பட்டா குப்புன்னு பிடிக்கும். ஓட்டைய ஒரு துணில மூடிட்டு, பிளக்க தள்ளி வெச்சு, நிழல்ல பாருங்க, வெயில்ல ஸ்பார்க் கண்ணுக்கு தெரியாது. நல்ல ஸ்பார்க் நீலமா, டிக் டிக்னு காதுல விழும். மெலிசா, மஞ்சளா, அப்பப்போ மட்டும் வந்தா பிளக் கேப்ப கழட்டி ஒயர் நுனிய கொஞ்சம் வெட்டி திரும்ப திருகுங்க, மழைக்கு அப்புறம் வர்ற கேஸ்ல நிறைய இதுலயே சரியாகிரும். அப்பவும் சரியில்லன்னா புது பிளக், அதுக்கும் வரலன்னா ஸ்பார்க்குக்கு கரண்ட் குடுக்குற காயில், பிக்கப் காயில், சிடிஐ பெட்டி, இதெல்லாம் மீட்டர் வெச்சு பார்க்குற மெக்கானிக்கிட்ட போகணும். இன்னொன்னும் சொல்லிர்றேன், வெளிய ஸ்பார்க் வருதுங்கிறதுக்காக உள்ளயும் வருதுன்னு முடிவு பண்ணிராதீங்க, அமுக்கின காத்துக்குள்ள ஸ்பார்க் தாவுறதுக்கு இன்னும் அதிக வோல்ட் வேணும், வீக்கான காயில் வெளிய தாவும் உள்ள தாவாது.

பத்து கிலோமீட்டர் நல்லா ஓடுது, அப்புறம் நிக்குது, கொஞ்ச நேரம் கழிச்சு தானா ஸ்டார்ட் ஆகுது

இதுக்கு ஒரு கதை சொல்லியே ஆகணும். வத்தலக்குண்டுல இருந்து திண்டுக்கல்லுக்கு தினமும் போற ஒரு வாத்தியார், வண்டி செம்பட்டி தாண்டினதும் நின்னுரும், பத்து நிமிஷம் புளியமரத்தடில நின்னா திரும்ப ஓடும். வேற ஒரு கடைல காயில் மாத்திட்டாங்க, சிடிஐ மாத்திட்டாங்க, கார்புரேட்டர் ரெண்டு தடவ கழுவிட்டாங்க. கடைசில மாமாகிட்ட வந்தாரு. மாமா வண்டிய தொடவே இல்ல. "சார், நாளைக்கு நின்னா கிக் அடிக்காதீங்க, டேங்க் மூடிய மெதுவா திறங்க, காதுல என்ன விழுதுன்னு மட்டும் எனக்கு போன் பண்ணி சொல்லுங்க"ன்னாரு. மறுநாள் காலைல எட்டு மணிக்கு போன். "தம்பி, புஸ்ஸுன்னு காத்து உள்ள போச்சுப்பா, அடுத்த கிக்ல வண்டி எடுத்துருச்சு!"

விஷயம் இவ்ளோதான், டேங்க்ல இருந்து பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்கு காத்து உள்ள போகணும், அதுக்கு மூடில ஒரு நூல் மாதிரி துவாரம் இருக்கு. அது மண்ணு அடைச்சா உள்ள வெற்றிடம் உண்டாகி பெட்ரோல மேல பிடிச்சு வெச்சுக்கும், கொஞ்ச நேரம் நின்னா மெதுவா காத்து கசிஞ்சு திரும்ப இறங்கும். மூடிய கழட்டி காத்து அடிச்சு விட்டாரு மாமா, காசே வாங்கல. வாத்தியார் அதுக்கு முன்னாடி செலவு பண்ணினது ரெண்டாயிரத்துக்கு மேல.

மூடிய திறந்தும் ஸ்டார்ட் ஆகலையா, அந்த இடத்துலயே பிளக்ல ஸ்பார்க் வருதான்னு பாருங்க, வீட்டுக்கு வந்து பார்த்தா பிரயோஜனம் இல்ல, ஆறினதும் எல்லாம் சரியா காட்டும். இந்த நேரத்துல இஞ்சின் கொதிச்சிட்டு இருக்கும்ங்கிறதால உள்ள இருக்குற பிளக்க கழட்டாதீங்க, கைல ஒரு ஸ்பேர் பிளக் வெச்சு கேப்ல மாட்டி பாருங்க. சூட்டுல ஸ்பார்க் போய் ஆறினா வந்தா காயில், இல்லன்னா பிக்கப் காயில். ஸ்பார்க்கும் இருக்கு, பெட்ரோலும் இருக்கு, ஆனா கிக் தொளதொளன்னு இறங்குதுன்னா அடுத்தத படிங்க.

கிக் லூசா இருக்கு, சூட்டுல ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது

இதுதான் ரெண்டாவது ஸ்ட்ரோக், அமுக்குறது. கலவை எங்கயோ கசியுது. பிளக்க கழட்டி ஓட்டைய கட்டைவிரலால அமுக்கி மூடி, ஆக்சிலேட்டர முழுசா திருகி வெச்சு இன்னொருத்தர கிக் அடிக்க சொல்லுங்க, கில் சுவிட்ச ஆஃப் பண்ணிக்கோங்க. நல்ல இஞ்சின் விரல பட்டுன்னு தள்ளி விட்டுரும், உங்களால பிடிக்க முடியாது. தள்ளலன்னா பிளக் ஓட்டை வழியா ஒரு ஸ்பூன் இஞ்சின் ஆயில் விட்டு ரெண்டு கிக் அடிச்சு மறுபடி பாருங்க. இப்போ தள்ளுதுன்னா கசிவு பிஸ்டன் ரிங் பக்கம், ஆயில் அந்த சந்த அடைச்சிருக்கு. ஆயில் விட்டும் அப்படியே இருந்தா வால்வு.

வால்வுன்னு தெரிஞ்சா உடனே ஹெட்ட இறக்க சொல்லாதீங்க, மொதல்ல டேப்பட் பாருங்க. வால்வு தண்டுக்கும் அத அமுக்கி திறக்குற ராக்கருக்கும் நடுவுல ஒரு கேப், அதாவது சின்ன இடைவெளி இருக்கணும், 100 சிசி வண்டிகள்ல பெரும்பாலும் 0.05 இருந்து 0.10 மில்லிமீட்டருக்குள்ள, உங்க வண்டியோட அளவு மேனுவல்ல இருக்கும். இரும்பு சூட்டுல நீளும், கேப் இல்லன்னா நீண்ட வால்வு முழுசா மூடாம துளி திறந்தே நிக்கும், கம்ப்ரஷன் கசியும். அதோட எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்ட இறக்குறதே சீட்ல உக்காரும்போதுதான், உக்காரலன்னா கருகிரும்.

ஓட ஓட டேப்பட் சத்தம் தானா குறைஞ்சா நிறைய பேரு வண்டி நல்லா செட் ஆயிருச்சுன்னு சந்தோஷப்படுறாங்க. வேண்டாம். வால்வு தேய்ஞ்சு சீட்டுக்குள்ள இறங்க இறங்க கேப் சுருங்கும், சத்தம் குறையுறது அதனாலயும் இருக்கலாம். லேசா டிக் டிக்னு கேக்குற டேப்பட் ஒண்ணும் பண்ணாது, சத்தமே இல்லாத டேப்பட்தான் வால்வ தின்னுரும். மாமா இத ஒவ்வொரு கஸ்டமருக்கும் திரும்ப திரும்ப சொல்லுவாரு.

நீங்களே செட் பண்றதா இருந்தா, ராத்திரி முழுக்க ஆறின இஞ்சின்ல காலைல பண்ணுங்க. கிராங்க் நுனில இருக்குற மேக்னெட் சக்கரத்த சுத்தி அதுல இருக்குற T குறிய கவர்ல இருக்குற கோட்டுக்கு நேரா கொண்டு வரணும், ஆனா கிராங்க் ரெண்டு சுத்து சுத்துறதால அந்த குறி ரெண்டு தடவ வரும், அமுக்குற ஸ்ட்ரோக் முடிவுல ஒரு தடவ, புகைய தள்ற ஸ்ட்ரோக் முடிவுல ஒரு தடவ. நமக்கு வேணும்ங்கிறது அமுக்குற உச்சி. ரெண்டு ராக்கரையும் விரலால ஆட்டி பாருங்க, ரெண்டும் லூசா ஆடினா அது சரியான இடம், ஒண்ணு டைட்டா இருந்தா, இல்ல மேக்னெட்ட லேசா அசைச்சாலே ராக்கர் அசைஞ்சா இன்னொரு சுத்து சுத்துங்க. இடைவெளி அளக்குற ஃபீலர் கேஜ் தகட்ட உள்ள விட்டு இழுக்கும்போது லேசா பிடிச்ச மாதிரி வரணும், பேப்பர புத்தகத்துக்குள்ள இருந்து உருவுற மாதிரி. லாக் நட்ட இறுக்கும்போது அளவு மாறும், அதனால இறுக்கின பிறகு இன்னொரு தடவ கண்டிப்பா அளந்து பாருங்க.

சோக் போட்டா ஓடுது, எடுத்தா நிக்குது

சோக் காத்த குறைச்சு பெட்ரோல கூட்டுது. அது இல்லாம ஓடலன்னா பெட்ரோல் பத்தல, இல்லன்னா காத்து கூடுது. தொண்ணூறு சதவீதம் ஐடில் ஜெட், அதாவது ஆக்சிலேட்டர் குடுக்காதப்ப பெட்ரோல் குடுக்குற ஜெட் அடைப்புதான்னு என் அனுபவத்துல சொல்வேன். கார்புரேட்டர் கப்ப கழட்டினா பெரிய ஜெட் பக்கத்துல ஒல்லியா ஒண்ணு இருக்கும், கழட்டி ஒரு கண்ண மூடிட்டு சூரியன நேரா பார்க்காம வெளிச்சம் பக்கமா தூக்கி பாருங்க, நடுவுல ஊசி முனை மாதிரி வட்டமா வெளிச்சம் தெரியணும். பிறை மாதிரி தெரிஞ்சாலோ இருட்டா இருந்தாலோ பச்சையா, பிசின் மாதிரி பெட்ரோல் காய்ஞ்சு ஒட்டியிருக்கும். கார்புரேட்டர் கிளீனர்ல ஊற வெச்சு காத்து அடிங்க, போகலன்னா தூண்டில் நரம்ப விட்டு எடுங்க. குண்டூசி, கம்பி விடவே விடாதீங்க, துவாரம் பெருசானா அந்த ஜெட் குப்பைக்குத்தான், அப்புறம் மைலேஜும் போகும்.

ஜெட் சுத்தமா இருந்தும் ஐடில் ஏறி ஏறி இறங்குதுன்னா கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவுல மேனிஃபோல்ட் ரிங் வெடிச்சு காத்து திருட்டுத்தனமா உள்ள போகுது. ஐடில்ல ஓட விட்டு அந்த ஜாயிண்ட்ல சோப்பு தண்ணிய பிரஷ்ல தடவுங்க, இஞ்சின் சத்தம் மாறினா இடம் கிடைச்சிருச்சு.

ஓடுது, ஆனா இழுக்கல

மொதல்ல இஞ்சின் தப்பா, இல்ல வேற தப்பான்னு பிரிங்க. சென்டர் ஸ்டாண்ட் போட்டு பின்சக்கரத்த கையால சுத்துங்க, சரக்குன்னு நின்னா பிரேக் பிடிச்சிருக்கு. மேடு ஏறும்போது சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறலன்னா கிளட்ச் வழுக்குது, இஞ்சின தொடாதீங்க.

ரெண்டும் இல்லன்னா ஏர் ஃபில்டர். நூல் மில், செங்கல் சூளை, மண் ரோடு பக்கம் ஓடுற வண்டிக்கு கம்பெனி சொன்ன கிலோமீட்டர் வரைக்கும் காத்திருக்கக் கூடாது, பாதிலயே கழட்டி பாருங்க. அப்புறம் சைலன்சர், ரொம்ப நாள் நின்ன வண்டில குளவி மண்ணு வெச்சு கூடு கட்டிரும், நாலாவது ஸ்ட்ரோக் புகைய தள்ள வழியில்லன்னா முதல் ஸ்ட்ரோக்ல புது காத்து வர இடம் ஏது? வேகத்துல மட்டும் திணறினா மெயின் ஜெட்ட பாருங்க.

புகை

கறுப்புன்னா பெட்ரோல் அதிகம், சோக் மாட்டிக்கிச்சா, ஃபில்டர் அடைச்சிருக்கா, ஃப்ளோட் வழிஞ்சு ஓவர்ஃப்ளோ ஆகுதா பாருங்க, பிளக்கும் கரி பிடிச்சு கறுப்பா இருக்கும். நல்லா எரியுற பிளக் மேரி பிஸ்கட் கலர்ல இருக்கும், வெள்ளையா வெளுத்திருந்தா பெட்ரோல் பத்தாம சூடு ஏறுதுன்னு அர்த்தம், அத அப்படியே விடாதீங்க.

நீலப் புகைன்னா ஆயில் எரியுது. காலைல ஸ்டார்ட் பண்ணினதும் ஒரு வீச்சு வந்து நின்னுருச்சா, அது வால்வு சீல், ராத்திரி சொட்டின ஆயில், செலவு கம்மி. ஆக்சிலேட்டர் குடுக்க குடுக்க விடாம வருதுன்னா ரிங், சிலிண்டர். மார்கழி காலைல வர்ற வெள்ளை ஆவிய பார்த்து பயப்படாதீங்க, பெட்ரோல் எரிஞ்சா தண்ணியும் உண்டாகும், குளிர்ல அது ஆவியா தெரியுது, சைலன்சர் சூடானதும் நின்னுரும்.

ஆக்சிலேட்டர விட்டா சைலன்சர்ல பட் பட்னு வெடிக்குது

எரியாம தப்பிச்ச கலவை சைலன்சர்ல போய் எரியுது. சைலன்சர் ஹெட்டோட சேர்ற இடத்துல கேஸ்கட் போயிருந்தா வெளிக்காத்து உள்ள வந்து இத பண்ணும், அங்க கரி படிஞ்சிருக்கான்னு பாருங்க. இல்லன்னா ஐடில் கலவை. ஆனா கார்புரேட்டர் பக்கமா திருப்பி வெடிக்குது, ஸ்டார்ட் ஆகவும் அடம் பண்ணுதுன்னா கிராங்க்ல இருந்து கேம சுத்துற டைமிங் செயின் பல் தாண்டிருக்கலாம், வால்வு தப்பான நேரத்துல திறக்குது, திரும்ப திரும்ப கிக் அடிக்காம திறந்து பாருங்க.

பிஎஸ்6 வண்டிக்காரங்களுக்கு

பிஎஸ்6ங்கிற புகை விதி வந்த 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிகள்ல பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது, ஆனா நாலு ஸ்ட்ரோக் அதேதான். சாவி போட்டதும் டேங்க் பக்கம் ரெண்டு செகண்ட் ஊஊன்னு பம்ப் சத்தம் வரணும், வரலன்னா பேட்டரியும் ஃபியூஸும் மொதல்ல. மஞ்சள் இஞ்சின் லைட் அணையாம எரிஞ்சா ஸ்கேனர் வெச்சு கோட் என்னன்னு உங்க முன்னாடியே படிக்க சொல்லுங்க.

சத்தம்

டிக் டிக் டேப்பட், மேல சொல்லிட்டேன். இடது பக்கம் சர சரன்னு சங்கிலி உரசுற மாதிரின்னா டைமிங் செயின இறுக்கமா வெக்கிற டென்ஷனர். டாப் கியர்ல மெதுவா போய் ஆக்சிலேட்டர முறுக்கும்போது கிணிகிணின்னு கேட்டா கலவை தப்பா வெடிக்குது, கியர குறைங்க, அப்பவும் கேட்டா கரியையும் டைமிங்கையும் பார்க்கணும்.

அடில இருந்து டொக்கு டொக்குன்னு கனமா, லோடு ஏற ஏற கூடுற சத்தம்தான் பயப்பட வேண்டியது. ஓரமா நிறுத்தி ஆயில் டிப்ஸ்டிக்க துடைச்சு விட்டு பாருங்க. இந்த வண்டிகளுக்கு மொத்தமே சுமார் ஒரு லிட்டர்தான் ஆயில், அது ரொம்ப குறைஞ்சா பிஸ்டனையும் கிராங்கையும் சேர்க்குற கனெக்டிங் ராட் பேரிங் காயும். ஆயில் ஊத்தினதும் சத்தம் போகலன்னா ஒரு கிலோமீட்டர்தானேன்னு ஓட்டிட்டு வராதீங்க, ஒரு குட்டி யானைய கூப்பிட்டு ஏத்திட்டு போங்க, அந்த வாடகை கிராங்க் செலவோட பார்த்தா ரொம்ப சின்னது.